பதினொண்ணாம் ரூம் பாட்டு

சின்னத்தாயி போர்வையின் இரண்டு மூலைகளைச் சன்னல் கம்பியில் செருகிவிட்டு, மற்ற இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். போர்வை விறைப்பாக நின்றது. பாதியாக மடிக்க முன்னால் வரும்போது கம்பியில் இருந்த ஒரு மூலை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கறை. திரும்பத் துவைக்க வேண்டிய குவியலில் அதைப் போட்டுவிட்டு அடுத்ததை உதறினாள். காலையில் இருந்து இப்படி விழுவது இது நாலாவது.

டபுள் பெட் போர்வையை ஒரு ஆள் மடிக்க முடியாது. மடிக்கலாம், அது சுருட்டுவது மாதிரி இருக்கும். ரூமுக்கு வருகிறவர்கள் சுருட்டின போர்வையைப் பார்த்தால் யாரோ படுத்து எழுந்தது என்று நினைப்பார்கள். அதற்காகத்தான் இந்த லாட்ஜில் பதினாலு வருஷமாக இரண்டு பேர். மூன்று வாரமாக ஒருத்தி.

லாட்ஜ் ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து கூப்பிடு தூரம். மேல் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துணி காயவைத்து மடிக்கிற அறை. மழைக்காலத்தில் அங்கே துணி இரண்டு நாளானாலும் காயாது. சின்னத்தாயிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயசு. சேர்வராயன் கோயில் பாதையில் போய் உள்ளே பிரிந்தால் வருகிற ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குக் கொஞ்சம் சாமை, கொஞ்சம் காப்பி, நாலு பலாமரம். கட்டிக்கொண்டவர் காளியண்ணன், அடிவாரத்துக்கும் மலைக்கும் காய்கறி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இரண்டும் படித்துக் கீழே போய்விட்டார்கள். லாட்ஜில் முதலில் சமையலறையில் வெங்காயம் உரிக்கத்தான் சேர்ந்தாள். ஆறு மாதம் கழித்து ஆபீஸில் போய், "கண்ணுல தண்ணி வராத வேலையா ஒண்ணு குடுங்க சாருங்க" என்று கேட்டாள். போர்வைக்கு மாற்றினார்கள். அங்கே ஏற்கனவே ஆன்மேரி இருந்தாள்.

ஆன்மேரி எஸ்டேட்டில் வளர்ந்தவள். இவளைவிட இரண்டு வயசு இளையவள், வாய் நாலு வயசு மூத்தது. முதல் நாளே சொல்லிவிட்டாள்: "தாயிக்கா, போர்வைக்கு முத்திரை முனைன்னு ஒண்ணு இருக்குது. லாட்ஜ் பேரு அச்சடிச்ச மூல. அதப் பிடிக்கறவ ஒரு வரி போடணும். எதிர்ல இருக்கறவ, மடிப்பு வந்து சேர்றதுக்குள்ள அடுத்த வரி சொல்லி முடிக்கணும். சொல்லலீன்னா மடிச்ச போர்வக் கட்டத் தூக்கிட்டு மூணு மாடி எறங்கணும்."

"இது லாட்ஜ் சட்டமா?"

"மேரி சட்டம்."

இழு, உதறு, பாதி, கால். நாலு அசைவுக்குள் ஒரு வரியும் அதற்கு எதிர் வரியும். கை ஒரே தாளத்தில் போனால்தான் மடிப்பு கோணாது. பாட்டு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, அன்றைக்கு எந்த ரூம் போர்வையோ அந்த ரூம் கதை.

"ஏழாம் ரூமு மெத்தையில எறும்பு மாநாடு" என்று ஒருத்தி போடுவாள்.

"யாரு பெருசுன்னு அங்க லட்டுக்குத் தகராறு" என்று மற்றவள் முடிப்பாள்.

பாடினதை இருவரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. போர்வை தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. அது ஆண்டனி ராஜ் செய்தது. வரவேற்பு மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிற மனிதர். அவர் கோடு போட்டு வைத்திருக்கிற லினன் நோட்டில் தேதி, போர்வை, தலையணை உறை, துண்டு என்று வரிசையாக இருக்கும். கடைசியில் பேர். அந்தக் கட்டத்தில் ஒரு பேர்தான் அடங்கும். மடித்தது இரண்டு பேர்தான், ஆனால் போர்வை கிழிந்தாலும் காணாமல் போனாலும் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அதனால் ஒரு நாள் சின்னத்தாயி பேர், மறுநாள் ஆன்மேரி பேர். யார் பேரோ அன்றைக்கு முத்திரை முனை அவளுக்கு, திட்டும் அவளுக்கு. பதினாலு வருஷமாக இதில் ஒரு சண்டை வந்ததில்லை. மேனேஜர் கத்திவிட்டுப் போனால், பேர் இல்லாதவள் பேர் உள்ளவளுக்கு ஒரு டீ வாங்கித் தருவாள்.

போன டிசம்பரில் ஹரிஹரன் என்று ஒருவன் வந்து பதினோராம் ரூமில் நாலு நாள் தங்கினான். முப்பத்தைந்து வயசு இருக்கும். மூன்றாம் நாள் காலை பனி இறங்கி எதிர்ச் சுவர்கூடத் தெரியவில்லை. அவன் காப்பி கிளாஸோடு மொட்டை மாடிக்கு வந்தவன், மடிக்கிற அறைக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டான். உள்ளே சின்னத்தாயி முத்திரை முனையில்.

"பதினொண்ணாம் ரூமுக்குள்ள பனி வந்து படுத்துச்சு…"

எதிரில் ஆன்மேரி, மூலைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

"பாதிப் போர்வ கேட்டுச்சு, பாவமுன்னு குடுத்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் அங்கப்பன் மாடிப்படியில் ஒரு இரும்பு வாளியை உதைத்துத் தள்ளினான். டண் டண்ணென்று அது நாலு படி இறங்கியது. பெண்கள் சிரித்தார்கள். எல்லாமே ஹரிஹரனின் போனில் பதிவாகிவிட்டது. அவன் உள்ளே வந்து, கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். இதைப் பாட்டாக்கலாமா என்றும் கேட்டான்.

"பாட்டுத்தானுங்களே அது, இன்னும் என்ன ஆக்கறது?" என்றாள் ஆன்மேரி.

பிப்ரவரியில் ஹரிஹரனிடமிருந்து போன் வந்தது, பாட்டும் வந்தது. வரவேற்பு மேசையில் வைத்து ஆண்டனி ராஜ் சத்தமாகப் போட்டார். இருவரின் குரலுக்கு அடியில் மெதுவாக ஒரு கிதார். வாளிச் சத்தத்தை வெட்டி எடுத்துத் தாளமாகவே வைத்திருந்தான். அங்கப்பன் மூன்று முறை கேட்டான்.

ஹரிஹரன் அதற்குப் பிறகு சொன்னதுதான் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. அவன் பத்து வருஷம் மற்றவர்கள் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தவன். எத்தனையோ பாட்டில் அவன் விரல் இருக்கிறது, ஒன்றிலும் பேர் இல்லை. கேட்டால், கம்பெனிக் கணக்கில் பார்க்கணும் என்பார்கள். கம்பெனிக் கணக்கு கம்பெனிக்குத்தான் தெரியும். அதனால் தன் பாட்டுகளை அவன் இப்போது பிளாக்செயினில்தான் பதிகிறான்.

"அது ஒரு நோட்டு மாதிரிங்கண்ணா," என்று ஆண்டனி ராஜிடம் சொன்னான். "ஆனா ஒருத்தர் மேசையில இருக்காது. அதே நோட்டு ஆயிரம் பேர்கிட்ட இருக்கும். பாட்டுல யார் யாருக்கு எவ்வளவு பங்குன்னு எழுதிட்டா, யார் எங்க காசு குடுத்துக் கேட்டாலும் அந்தப் பங்குப்படி அதுவே பிரிஞ்சு போயிடும். நடுவுல யாரும் கை வைக்க முடியாது. ஒருத்தர் தன் நோட்டுல அடிச்சு எழுதினா மத்த ஆயிரம் நோட்டும் ஒத்துக்காது."

"ஒயிட்னர் போட்டாலும்?"

"போட முடியாதுங்கண்ணா."

ஆண்டனி ராஜ் தன் மேசையில் இருந்த ஒயிட்னர் பாட்டிலைப் பார்த்தார்.

"பாடினதுக்கு யார் பேரு போடணும்க்கா?" என்று ஹரிஹரன் சின்னத்தாயியைக் கேட்டான். ஆன்மேரி அப்போது மேலே மாடியில் இருந்தாள்.

அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பாடின அன்றைக்கு நோட்டில் அவள் பேர். நோட்டு என்றால் நோட்டுத்தான். "என் பேரே போட்டுக்கங்க தம்பி. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நானே பதில் சொல்லிக்கறேன். அவ பேரு அடுத்ததுல வரும்."

அடுத்ததாக வேறு பாட்டு வரப்போகிறது என்று அவன் எடுத்துக்கொண்டான். "சரிங்கக்கா. ஏழு நாள் தொறந்து வெச்சிருக்கேன். எல்லாரும் பாத்துட்டு, சரின்னு போன்ல விரல் வைங்க. அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

ஆண்டனி ராஜும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் அது சரியாகவே பட்டது. அவர் போட்ட கோடுதானே.

இதுவரைக்கும் நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்கப்புறம் இருந்த ஏழு நாள்தான் கதை.

இரண்டாம் நாள் ஆண்டனி ராஜ் அந்தப் பதிவுப் பக்கத்தை அவள் போனில் எடுத்துக் கொடுத்துப் படித்தும் காட்டினார். இசை, ஹரிஹரன். கிதார் ஒருவர். ஒலி கலந்தவர் ஒருவர். படம் வரைந்தவர் ஒருவர். வாளி, அங்கப்பன், இரண்டு சதவீதம். வரிகளும் குரலும், சின்னத்தாயி, ஏற்காடு. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் அதைத் திரும்பத் திறந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தன் பேரைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. பேங்க் பாஸ்புக்கில் அவள் பேருக்குப் பக்கத்தில் க/பெ காளியண்ணன் என்று இருக்கும். இதில் பேர் மட்டும் தனியாக இருந்தது. வாளி உதைத்தவன் பேர் இருக்கிறது, பாதி வரி பாடினவள் பேர் இல்லை என்பதையும் அதே பஸ்ஸில் பார்த்தாள். இது நாளுக்கு ஒரு வரி எழுதுகிற நோட்டு இல்லை, நாளைக்கு என்று ஒன்று இதில் வராது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அல்லது, புரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தை அவளே பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் போர்வை மடிக்கும்போது ஆன்மேரியே கேட்டாள்.

"உம்பட பதினொண்ணாம் நம்பர்த் தம்பி என்ன சொல்றான்?"

"என்னமோ நோட்டுல ஏத்தறானாம்."

"யார் பேருல?"

"அன்னைக்கு எம் பேருதான?"

"ஏத்தட்டும் ஏத்தட்டும். திட்டு வந்தா உனக்கு. நான் டீ வாங்கித் தர்றேன்."

இருவரும் சிரித்தார்கள். பாதி, கால். மடிப்பு வந்து சேர்ந்தது. ஏழாம் நாள் சின்னத்தாயி விரல் வைத்தாள்.

பாட்டு ஓடியது. பெரிதாக இல்லை என்றாலும், பஸ்ஸில் யாரோ வைத்துக் கேட்கிற அளவுக்கு ஓடியது. பணம் கொஞ்சம் கொஞ்சமாக, ஹரிஹரன் சொன்னபடியே, யாரையும் கேட்காமல் வந்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் சின்னத்தாயி சரிபாதியை ஆன்மேரி கையில் கொடுத்துவிட்டாள். ஒரு ரூபாய் குறைத்ததில்லை. அங்கப்பனை எல்லாரும் வாளி வித்துவான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் கேட்டில் நின்றுகொண்டு, "ரெண்டு சதவீதம்ங்க, சும்மா இல்ல" என்பான்.

மே மாதம் மாதா கோயிலில் பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சி. இந்தப் பாட்டைப் பாடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆன்மேரி பெருமையாக, "அதுல பாதி நான்தான்" என்றாள். பாட்டுக் குழுவில் இருந்த ஒரு பெண், பார்ப்போமே என்று போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பேராக வாசித்தாள். கிதார்க்காரர், படம் வரைந்தவர், வாளி அங்கப்பன். "உங்க பேரு இல்லீங்களே ஆன்ட்டி." கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவளுக்கு. "பாதிப் போர்வ கேட்டுச்சு"ங்கற வரிதான் எங்க காலேஜுல எல்லாரும் பாடறது, அது அந்தச் சின்னத்தாயி ஆன்ட்டி போட்டதா என்று கேட்டாள்.

மறுநாள் ஆன்மேரி ஆண்டனி ராஜிடம் போய்ச் சமையலறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். காரணம் கேட்டதற்கு, "கண்ணுல தண்ணி வர்ற வேலையா இருந்தாப் போதுங்க சார்" என்றாள்.

சின்னத்தாயி அன்று மாலையே சமையலறை வாசலில் போய் நின்றாள். ஆன்மேரி வெங்காயத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.

"மேரி, காசு பாதி குடுத்தேனே."

"குடுத்த. நான் பங்குன்னு நெனச்சு வாங்கிட்டிருந்தேன். கூலின்னு இப்பத்தான் தெரியுது."

அதோடு சரி. மூன்று வாரம். சன்னல் கம்பிக்குப் பாட்டு வராது. முதல் நாள் ஒரு வரி போட்டுப் பார்த்தாள் சின்னத்தாயி, எதிரில் பதில் இல்லாமல் அது அறைக்குள் அசட்டுத்தனமாகச் சுற்றி வந்தது. பிறகு போடவில்லை. வீட்டில் காளியண்ணன், "மாத்தி எழுதச் சொல்லிப் போட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு?" என்றார். வேனுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரிச் சொன்னார். ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் அவள் ஆண்டனி ராஜைப் பிடித்து ஹரிஹரனுக்குப் போன் போட்டாள்.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு ஆண்டனி ராஜ் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். கையில் போன். பின்னால் ஆன்மேரி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. அவர்தான் கூட்டி வந்திருக்கிறார்.

"உக்காருங்கம்மா ரெண்டு பேரும்."

யாரும் உட்காரவில்லை. உட்கார அங்கே ஒன்றும் இல்லை.

சன்னல் கம்பியில் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. ஆன்மேரி அதைப் பார்த்தாள். "இப்படியா மடிக்கற? கம்பி துருவெல்லாம் ஏறுது பாரு." பேசிக்கொண்டே மூலைகளைக் கம்பியிலிருந்து உருவித் தன் கையில் பிடித்துக்கொண்டாள். மறுமுனை சின்னத்தாயி கையில். முத்திரை முனை அதுதான். இருவரும் பாட்டு இல்லாமல் இழுத்து உதறினார்கள்.

போனில் ஹரிஹரன் சொன்னான்: "பழைய வரிய அழிக்க முடியாதுங்கக்கா. மொதல்லயே சொன்னேன். ஆனா அதுக்குக் கீழ புதுசா ஒரு வரி சேக்கலாம். ஆன்மேரி அக்காவுக்குப் பாதிப் பங்குன்னு. சின்னத்தாயி அக்கா விரல் வெச்சாப் போதும், அப்பறம் ஆன்மேரி அக்கா சம்மதம்."

"என்னிக்கு இருந்து?" என்றாள் ஆன்மேரி.

"பங்கு இன்னையில இருந்துதான் பிரியும்ங்கக்கா."

"டிசம்பருல பாடினவளுக்கு ஜூன்ல இருந்தா?" அவள் மூலைகளைச் சேர்த்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என்னச் சேத்துக்கிட்டேன்னு போடறீங்க தம்பி. நான் சேந்தவ இல்ல. இருந்தவ."

ஹரிஹரன் சொன்னான்: "என் தப்புத்தாங்க. ரெண்டு குரல் எனக்குக் கேட்டுச்சு. நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்."

"லினன் நோட்டுதாங்க இத்தனைக்கும் காரணம்," என்று ஆண்டனி ராஜ் குறுக்கே வந்தார். "பேருக்கு நான் அகலமா ஒரு கட்டம் போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது." நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"சார் ஒருத்தரு, வாளிக்கு மட்டும் எப்படிக் கட்டம் கெடச்சுதாம்?" என்றாள் ஆன்மேரி. ஆனால் லேசாக உதடு கோணியது. சின்னத்தாயி அதைக் கவனித்தாள். மூன்று வாரத்தில் அந்த முகத்தில் இப்போதுதான் ஏதோ ஒன்று அசைகிறது.

"ஒண்ணு பண்ணலாம்ங்க," என்றான் ஹரிஹரன். "புது வரி போடறப்ப, ஏன் மாத்தறோம்னு காரணம் எழுத எடம் இருக்கு. எப்பவும் அழியாது, யார் பாத்தாலும் தெரியும். முதல் நாள்ல இருந்து பாதி ஆன்மேரி அக்கா பாடினது, அவங்க பேரு தவறுதலா விட்டுப்போச்சுன்னு எழுதிடறேன். சரிங்களா? அப்ப இருந்தவங்கன்னு ஆயிடும்."

ஆண்டனி ராஜின் முகம் தெளிந்தது. "அருமைங்க தம்பி. அதுதான் சரி. எழுதிருங்க."

போனில் தட்டுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அந்த வரி திரையில் வந்து நின்றது. அதற்குக் கீழே விரல் வைக்கிற வட்டம். ஆண்டனி ராஜ் வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, போனைத் தலையணை உறைகள் மேல் சின்னத்தாயி பக்கமாக வைத்தார்.

ஆன்மேரி மடிப்பை இன்னும் கையிலிருந்து விடவில்லை. பாதி ஆகிவிட்டது, கால் ஆக வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு முழம் போர்வை.

"ஏழு நாள் தொறந்து வெச்சிருந்தாராமே இந்தத் தம்பி," என்றாள். "சார் இப்பத்தான் படியேறறப்ப சொன்னாரு. பேரெல்லாம் உனக்குப் படிச்சும் காட்டினாராமே."

சின்னத்தாயி போர்வையின் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்குக் கேட்டேன் பாரு, யார் பேருலன்னு. அது அந்த ஏழு நாளுக்குள்ளயா?"

"ஆமா மேரி."

அவ்வளவு தெளிவாகப் பதில் வரும் என்று ஆன்மேரி எதிர்பார்க்கவில்லை போல. நின்றாள். பிறகு மூலைகளைக் கொண்டுவந்து சின்னத்தாயி கையில் சேர்த்து, விளிம்பை நீவி, மடிப்பை முடித்தாள். கோணாமல் வந்திருந்தது. அடுக்கின் மேல் வைத்தாள்.

"இந்த நோட்டுல எழுதினா அழியாதுங்கறாங்க," என்றாள். குரல் சண்டைக் குரலாக இல்லை. "நானும் விரல் வெக்கறேன். வெக்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லிரு தாயிக்கா. தவறுதலாவா?"

போனில் ஹரிஹரன், "அக்கா?" என்றான். ஆண்டனி ராஜ் சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

சின்னத்தாயி வாயைத் திறந்தாள். பஸ்ஸில் தனியாகத் தெரிந்த தன் பேர் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வரி கிடைக்கவில்லை. திரையில் வெளிச்சம் குறைந்து, வட்டம் மங்கி, போன் அணைந்தது.

ஒரு மடிப்பு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆன்மேரி நின்றாள். பிறகு குனிந்து, மேரி சட்டப்படி சின்னத்தாயி தூக்க வேண்டிய போர்வைக் கட்டைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்து, மூன்று மாடி இறங்கப் போனாள்.